வாய்ச்சொல்லும் வாக்குப்பதிவும்

தேர்தல் வந்துவிட்டால் மலைக்கோட்டையைச் சுற்றிய கடைவீதிகளில் வணிகர்களின் நண்பர்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய கடைவீதியிலும் காந்தி மார்க்கெட்டிலும் கடைகடையாக ஏறிக் கும்பிடுகிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் நாம் வாய்ச்சொல்லை வரவு வைப்பவர்கள் அல்ல. பேரேட்டைப் பார்த்துப் பாக்கி சொல்பவர்கள்.

சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அன்னிய முதலீட்டுக்கு மத்திய அரசு 2012 செப்டம்பரில் அனுமதி தந்தது. 20ஆம் தேதி நாடெங்கும் வணிகர்கள் கடையடைத்தனர். டிசம்பர் 5 அன்று மக்களவையில் பா.ஜ.க. கொண்டுவந்த எதிர்ப்புத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. அ.தி.மு.க. அதை ஆதரித்தது. தி.மு.க., அன்னிய முதலீடு கூடாது என்று சொல்லியும் ஆட்சியைக் காக்க அரசின் பக்கம் நின்றது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தன. தீர்மானத்துக்கு ஆதரவு 218, எதிர்ப்பு 253. தோற்றது.

தீர்மானம் கொண்டுவந்த பா.ஜ.க. 2014இல் ஆட்சிக்கு வந்தது. ஆனால் 2020இல் வெளியான அன்னிய முதலீட்டுக் கொள்கைத் தொகுப்பிலும் அந்த 51 சதவீதம் அப்படியே இருந்தது.

உறுப்பினரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொறடா உத்தரவை மீறினால் 1985ஆம் ஆண்டுக் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். ஆகவே கட்சியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எந்தக் கட்சிக்கும் நாம் விரோதிகள் அல்லர். அடுத்த முறை கும்பிட வருபவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஒன்றே ஒன்று கேட்போம்: "ஐயா, பேசியது தெரியும், எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள்?"