குட்டை நகத்திற்குச் செஞ்சாயம் கூடாதாம்!

ரவாங்கிற்கு அடுத்த ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன் நான். செக்ரோல் எழுதுவதும், உதிரிப் பழ மூட்டைகளுக்குக் கணக்கு வைப்பதும், உரத்திற்கும் மருந்திற்கும் சீட்டு எழுதுவதுமே என் தொழில். இத்தகையவன் பெண்களின் நகச்சாயத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நானும் நகைத்தவனே. அவ்வாறு நகைத்த குற்றத்திற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற தீபாவளிக்குப் பின் வந்த முதல் வேலை நாள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நிற்கின்றனர். விளக்கு வெளிச்சத்தில் ஓர் அம்மாளின் பத்து விரல் நகங்களும் மாதுளை நிறத்தில் பளபளக்கின்றன. அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். எண்ணெய்ப்பனையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டுவது அவர் வேலை. கணவரை இழந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் பண்டிகைக்கு வந்தவள், தாயின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு பூசிவிட்டுப் போயிருக்கிறாள். சங்கதி அவ்வளவே. கொலையுமில்லை, களவுமில்லை.

ஆயினும் பேர் வாசித்து முடிவதற்குள் மூன்று தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிட்டன. கோயில் காரியங்களில் முன்நிற்கும் பெரியவர் ஒருவர், "தாலி இறங்கின கைக்குச் சிவப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்றார். ஆபீஸிலுள்ள ஓர் இளைஞர், நாகரிகமறிந்தவர், "சிவப்பு நீண்ட நகத்திற்குத்தான் எடுக்கும், இந்தக் கட்டை விரலில் மிளகாயை நட்டுவைத்தது போலிருக்கிறது" என்றார். மூன்றாவது தீர்ப்பு என்னுடையது. நான் வாய் திறக்கவில்லை, சிரித்தேன். ஆங்கிலம் படித்த கிராணியின் சிரிப்பு பெரட்டுக் களத்தில் வாய்ச்சொல்லைவிட அதிக தூரம் செல்லும் என்பதை நான் அறியாதவனல்லன்.

அன்று மாலை அந்த அம்மாள் பட்டறைக்குச் சென்று, வண்டிக்குச் சாயம் அடிக்கும் தின்னர் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பழந்துணியில் நனைத்து நகங்களைத் துடைத்துவிட்டார். மறுநாள் மூட்டைக் கணக்குக்காக என் முன் நின்றபோது, நகக் கண்களின் ஓரத்தில் மட்டும் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுத்துத் தோல் காய்ந்திருந்தன.

தின்னர் அந்தச் சாயத்தைக் கரைத்ததில் வியப்பொன்றுமில்லை. 1920களில் மோட்டார் வண்டிகளுக்குப் பூச வந்த மெருகும், சீமாட்டிகளின் விரலுக்கு வந்த மெருகும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1917இல் திரவச் சாயம் விற்கத் தொடங்கிய கியூடெக்ஸ் என்ற அமெரிக்க வியாபாரப் பெயரை நம் தாய்மார் பலர் இன்றும் பொதுப்பெயராகவே வழங்குகின்றனர். 1932இல் ரெவ்லான் என்ற கம்பெனி நியூயார்க்கில் தோன்றியது. அக்காலத்துப் பத்திரிகை விளம்பரங்களில் வரும் கைகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: அவை பாத்திரம் துலக்கிய கைகளல்ல. சிவப்பு நீண்ட நகத்திற்கே உரியது என்ற சாஸ்திரம் அந்தப் படங்களிலிருந்து பிறந்ததேயன்றி, வேறெந்த வேதத்திலிருந்தும் பிறந்ததன்று.

நகம் நீள்வது எப்போது? கை வேலை செய்யாதபோது. சீனத்துப் பேரரசி சீஷி தம் நீண்ட நகங்கள் ஒடியாதபடி பொன்னும் மணியும் இழைத்த உறைகளை அணிந்திருந்ததைப் படங்களில் காணலாம். "என் கை எதையும் தொடவேண்டியதில்லை" என்பதே அந்த உறையின் பொருள். பொறுக்குகிறவளும், கழுவுகிறவளும், தட்டச்சு செய்கிறவளும், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவளும் நகத்தை ஒட்டக் களைந்தே தீரவேண்டும். அப்படியானால், "குட்டை நகத்திற்குச் சிவப்பு எடுக்காது" என்பதன் அர்த்தமென்ன? உழைக்கிறவளுக்கு அழகு எடுக்காது என்பதன்றி வேறு என்ன? நம் இளைஞர் இதை அறிந்து சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அறியாமற் சொல்வதில்தான் ஆபத்து அதிகம்.

நம்முடைய பழைய சிவப்பு எந்த நகத்தைக் கேட்டது? மருதாணி இலையைக் கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் கூட்டி அம்மியில் மைபோல் அரைத்து, விரல் நுனியில் தொப்பி போல் வைத்து, இரவெல்லாம் கையை அசைக்காமல் உறங்கச் சொன்ன பாட்டிமார், "உன் நகம் எத்தனை அங்குலம்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. தொப்பி வைப்பதற்கு மொட்டை விரலே வசதி. மலாய்க்காரர் இதே இலையை இனாய் என்கின்றனர். மணப்பெண்ணின் விரல்களில் அதை இடுவதற்கென்றே ஓர் இரவைக் கொண்டாடுகின்றனர். சீனத்துப் பெண்கள் காசித்தும்பைப் பூவைப் படிகாரத்தோடு நசுக்கி நகத்தில் வைத்துக் கட்டிய வழக்கமும் உண்டு. ரவாங் கடைத்தெருவில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று சாதி ஜனங்களின் பாட்டிமாரும் சிவந்த நகத்தைக் கண்டவர்களே. இடையில் வந்த விளம்பரப் படத்தை நம்பிப் பேரப்பிள்ளைகள் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு அலைகின்றனர்!

இனி, எடுக்குமா எடுக்காதா என்பதைப் பரீட்சித்தே பார்க்கலாம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ரவாங்கிலிருந்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் நடந்தால், மருதாணி இடுகிறவர்களையும் நகம் பூசுகிறவர்களையும் தெருவோரத்திலேயே காணலாம். பின்னொரு சனிக்கிழமை நான் அங்கு ஒரு கடையில் என் தங்கைக்காகக் காத்திருந்தபோது, வெட்கத்தை விட்டு, பூசுகிற பெண்ணிடம் வினவினேன். அவள் தொழில் தெரிந்தவள். என்னை ஏளனம் செய்யாமல் விளக்கினாள். குட்டை நகத்தை விரல் நுனியின் வளைவுக்கு ஒத்தபடியே அரத்தால் தேய்க்கவேண்டும், கூராக்கக் கூடாது. சிவப்பு நகத்தில் மஞ்சள் கறை விடுமாதலால் முதலில் நிறமற்ற பூச்சு ஒன்று இடவேண்டும். பிறகு நடுவில் ஓர் இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வோர் இழுப்பு. ஆனால் ஓரங்களில் மயிரிழையளவு வெறுமையாக விட்டுவிடவேண்டும். அந்த இடைவெளியால் அகன்ற நகம் ஒடுங்கி, நீண்டது போலத் தோன்றும். தடித்த பூச்சு ஒன்றைவிட மெல்லிய பூச்சு இரண்டு நிலைக்கும். நகத்தின் முனையையும் தூரிகையால் ஒருமுறை தடவி மூடிவிடவேண்டும். நம்மவர் கருமேனிக்கு மாதுளையும், செங்கல்லும், பழுத்த மிளகாயும் எடுப்பானவை. நகத்தின் அடியிலுள்ள பிறையை மட்டும் பூசாமல் விடுவது 1930களின் நாகரிகம். அதையும் குட்டை நகத்தில் செய்யலாம். பத்து விரலுக்கும் மனமில்லையேல் மோதிர விரல் ஒன்றே போதும். நீண்ட நகத்தின் முனை எதிலாவது இடித்துக்கொண்டேயிருக்கும், சாயம் விரைவில் பெயரும். குட்டை நகத்திலோ அது நாலு நாள் கூடவே தங்கும் என்று அவள் கூறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இம்முறை என்னைப் பார்த்தே.

கறுப்பு மருதாணி என்று ஒன்று விற்கிறார்களே, அதை மட்டும் தொடவேண்டாம். மருதாணி இலை கறுப்பு விடாது. தலைமயிர்ச் சாயத்தில் சேரும் பாராபினைலீன்டையமின் என்ற மருந்தை அதில் கலப்பதுண்டு. அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். சமையற்கூடத்தில் வேலை செய்கிறவர்களும், அறுவைச் சிகிச்சைக்குச் செல்கிறவர்களும் சாயத்தை நீக்கவேண்டும் என்பது நியாயமான விதி. பெயரும் சாயம் உணவில் விழும். விரலில் மாட்டும் பிராணவாயு மானி நகத்தின் வழியேதான் பார்க்கிறது. காரணம் கூறும் விதிக்கு நான் தலைவணங்குகிறேன். பெரட்டுக் களத்தில் கூறப்பட்டது காரணமன்று.

நிற்க. பெரியவரின் ஆட்சேபணைக்கு வருவோம். அதுவே வேர், இளைஞருடையது இலை.

நகம் என்பது என்ன? கெரட்டின் என்ற உயிரற்ற பொருள். வெட்டினால் நோவதில்லை, குருதி வருவதில்லை. உயிரற்ற பொருளில் சுமங்கலி ஏது, அமங்கலி ஏது? அன்றியும், கைந்நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. ஏறக்குறைய 6 மாதத்தில் பழைய நகம் முழுவதும் கழிந்து புதியது வந்துவிடுகிறது. அந்த அம்மாளின் கணவர் இறந்த நாளில் அவர் விரலிலிருந்த நகம் இன்று இல்லை. அதன்பின் பதினேழு பதினெட்டு முறை நகம் புதுப்பிறவி எடுத்துவிட்டது. இன்றைய நகம் அந்தச் சாவைக் கண்டதேயில்லை. காணாத சாவுக்கு அது துக்கம் காக்கவேண்டுமாம்!

நம் அண்டைவீட்டு முஸ்லிம் கைம்பெண்ணுக்கு அவர்கள் மார்க்கம் விதித்த துக்க காலம் 4 மாதமும் 10 நாளும். அதுவரை அலங்காரம் விலக்கு. அதன்பின் அவள் விருப்பம். ஒரு சமூகம் துக்கத்திற்கு முடிவு நாள் குறித்து வைத்திருக்கிறது. நாமோ தொடக்க நாளை மட்டும் குறித்துவிட்டு, முடிவை அவள் பாடையில் வைத்துவிட்டோம். மனைவியை இழந்த ஆணுக்கு எந்த நிறத்தை விலக்கினோம்? பெரியவரே மனைவியை இழந்தவர்தாம். திருவிழாவில் அவர் நெற்றியிலிருக்கும் குங்குமத்தை இதுவரை யாரும் தின்னர் கொண்டு துடைக்கச் சொன்னதில்லை.

கைம்பெண் மறுமணத்தை இந்தியாவில் சட்டம் ஒப்பியது 1856இல். செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியது 1929 பிப்ரவரியில். அவ்வாண்டின் இறுதியிலேயே பெரியார் இந்த மலாயாவுக்கு வந்து பேசிச் சென்றார். மறுமணம் என்னும் மலையை ஏறிவிட்டதாக மார்தட்டுகிற நாம், ஒரு சொட்டுச் சாயம் என்னும் மடுவில் விழுந்து கிடக்கிறோம்.

இன்னொரு கட்சியாரும் உண்டு. அவர்கள் நம்மவர், சீர்திருத்தம் பேசுகிறவர். "அலங்காரமே அடிமைத்தனம், பெண்கள் சாயத்தை விட்டு அறிவைத் தேடட்டும்" என்பார்கள். இவர்களோடுதான் எனக்குச் சண்டை அதிகம். பூசியே தீரவேண்டும் என்று ஒருவன் கட்டளையிட்டால் அது அடிமைத்தனம், ஒப்புகிறேன். ஆனால் இந்த அம்மாளுக்கு யார் கட்டளையிட்டார்? ஒன்பது ஆண்டுகளாகப் பூசாதே என்பதல்லவோ அவருக்கிட்ட கட்டளை! அவர் நகத்தைச் சிவப்பாக்கியபோது ஒரு விலங்கு கழன்றது. அதைப் பெரியவர் மரபின் பெயரால் மீண்டும் பூட்டினார். இவர்கள் அறிவின் பெயரால் பூட்ட வருகின்றனர். பூட்டு ஒன்றே. மேலும், அறிவைத் தேடுவதற்கு நகம் வெளுத்திருக்கவேண்டும் என்பது எந்தக் கலாசாலையின் விதி?

பெண்ணின் நகத்தின்மேல் இத்தனை பேருக்கு இத்தனை அக்கறையா என்று மகிழ்ந்திருப்பேன், வேறொன்றை அறியாதிருந்தால். பல்லாண்டுகளாக நம் தோட்டங்களில் களைக்கு அடித்த பாராகுவாட் என்ற மருந்து நகத்தைத் தின்னும். தோம்பிலிருந்து கசிந்து விரலில் படப்பட, நகத்தில் வெள்ளைப் பட்டைகள் தோன்றும், நகம் வரிவரியாகும், கடைசியில் கழன்றே விழும். இது 1971இலேயே டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்டத்து மருந்தடிப்பவர்களிடம் ஆராய்ந்து மருத்துவப் பத்திரிகையில் எழுதப்பட்ட விஷயம். மலேசியாவில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் தோற்றுவித்த தெனாகனித்தா இயக்கம் 2002இல் இவர்கள் படும் பாட்டை ஆராய்ந்து வெளியிட்டது. அவ்வாண்டே அரசாங்கம் மருந்தைத் தடுக்க முடிவு செய்தது. 2006இல் தடை தளர்ந்தது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாள். இத்தனை காலத்திலும் நகம் இழந்த கைகள் நம் கோயில்களில் கும்பிட்டுத்தான் நின்றன. "அம்மா, உன் நகம் எங்கே?" என்று கேட்ட பெரியவர் ஒருவரை நான் கேள்விப்பட்டதில்லை. நகம் போனபோது மரபு போகவில்லை. நகம் சிவந்தபோது போய்விட்டது!

என் தாயாரும் மருந்தடித்தவர். அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் நகம் இரு பிளவாகவே வளரும். சிறுவயதில் அது பிறவிக் குறை என்று எண்ணியிருந்தேன். எனக்கு ஆங்கிலப் படிப்பு வாங்கித் தந்த கை அது. இவ்வளவையும் அறிந்த நான்தான் அன்று சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து, மூட்டைக் கணக்கு முடிந்தபின், அந்த அம்மாளை நிறுத்தி, "அக்கா, அன்று நான் சிரித்தது தப்பு, மனத்தில் வைக்காதீர்கள். நகம் அழகாகத்தான் இருந்தது" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கோபமும் இல்லை, நெகிழ்ச்சியும் இல்லை.

"அது கிடக்கட்டும் கிராணி ஐயா. மகள் தைப்பொங்கலுக்கு வருவாள், புட்டி அவளிடம்தான் இருக்கிறது. உரம் போடுகிற பிள்ளைகளுக்குக் கையுறை இரண்டு மாதமாய் வரவில்லையே, அதைக் கொஞ்சம் எழுதிவிடுங்கள்" என்றார்.

கையுறைக்கு எழுதவேண்டிய சீட்டு, கையெழுத்தாகாமல், என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது.