நாலு நாசிலையும் மாத்தணுமா? கொஞ்சம் நில்லுங்க!

ஒரு வங்கிக் கிளையில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை. நாலாயிரம் ரூபாய் குறைகிறது. மேலாளர் என்ன செய்வார்? வவுச்சர்களை எடுப்பார், எந்தக் கவுன்ட்டர் என்று பார்ப்பார், எந்த என்ட்ரி என்று தேடுவார். "எதுக்கு வம்பு, நாலு கேஷியரையும் மாத்திடுங்க" என்று மண்டல அலுவலகத்துக்கு எழுதினால், முதலில் அவரைத்தான் மாற்றுவார்கள் :-)

அதே மேலாளரின் குடும்ப வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கட்டும். மெக்கானிக் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு "சாப், சாரோ பதல் தோ" என்கிறார். நாலு இன்ஜெக்டரையும் மாற்றிவிடு என்று அர்த்தம். நம்மவர் தலையை ஆட்டிவிட்டுப் பணம் எடுக்கக் கிளம்பிவிடுகிறார். எது கெட்டது, ஏன் கெட்டது, உண்மையிலேயே கெட்டதா? ஒரு கேள்வி கிடையாது.

இந்தப் பதிவு அந்தத் தலையாட்டலை எதிர்த்துத்தான். நாக்பூரில் நமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேரிடம் பழைய டீசல் வண்டி ஒன்று இருக்கிறது. குவாலிஸ், டவேரா, இன்னோவா, ஸைலோ என்று ஏதோ ஒன்று. தீபாவளிக்கு ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகராதபோது எட்டுப் பேரும் இட்லிப் பொட்டலமும் அதில்தான் ஏறுகிறோம். ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று ராத்திரி போன் வந்தால் விடிவதற்குள் ஆதிலாபாத் தாண்டுவதும் அதில்தான். நாக்பூரிலிருந்து கரூர் வரை தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். அந்த அவசரம் பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் வண்டியை விட்டால் நாம் பேரம்கூடப் பேச மாட்டோம் என்பதும் தெரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோதனைச் சீட்டு கையில் இல்லாமல் ஒரு இன்ஜெக்டரைக்கூட மாற்றாதீர்கள். அந்தச் சோதனைக்கு உண்டான காசை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

நாசில் என்ன செய்கிறது?

குவாலிஸ் காலத்து இன்ஜினில் பம்பு தள்ளுகிற டீசலை நாசில் தூவும், அவ்வளவுதான். கையால் அழுத்துகிற டெஸ்டரில் மாட்டினால் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பனி மாதிரி தூவுகிறதா, குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். நாசில் முனையை மட்டும் மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

பிறகு வந்த காமன் ரெயில் இன்ஜின்களில் கதை வேறு. ஒரே ரெயிலில் டீசல் அழுத்தமாக நிற்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஈசியூ சொல்லும் நொடியில் மின்சாரத்தால் திறந்து மூடும். அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், அதாவது உங்கள் டயரில் இருக்கும் காற்றைப் போல நானூறு மடங்குக்கும் மேல். உள்ளே பாகங்களுக்கு நடுவில் இடைவெளி சில மைக்ரான்தான். தூசியோ தண்ணீரோ போனால் தேய்மானம் வரும். தேய்ந்தால் டீசல் சிலிண்டருக்குள் ஒழுகலாம், இல்லையென்றால் ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்பிப் போய்விடலாம். இரண்டும் வேறு வேறு வியாதி.

ஸ்டார்டிங் தகராறு, ஐட்லிங்கில் உதறல், கரும்புகை, வெள்ளைப்புகை, மைலேஜ் குறைவு ஆகிய ஐந்தும் இன்ஜெக்டரால் வரலாம். ஆனால் இந்த ஐந்துக்கும் வேறு குற்றவாளிகளும் உண்டு:

1. அடைத்துப்போன டீசல் ஃபில்டர், அதன் அடியில் தேங்கிய தண்ணீர்.
2. டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று இழுப்பது.
3. சோர்ந்த பேட்டரி. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் ரெயிலில் அழுத்தமே ஏறாது.
4. எரிந்துபோன ஹீட்டர் ப்ளக். டிசம்பர் காலையில் நாக்பூர்க் குளிரில் இது முகம் காட்டும்.
5. கரும்புகைக்கு: அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஈஜிஆர் வால்வு.
6. உதறலுக்கு: கிழிந்த இன்ஜின் மவுன்டிங் ரப்பர்.
7. பம்பில் இருக்கும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு.
8. கம்ப்ரஷன் குறைவு. இது இருந்தால் தங்கத்தில் இன்ஜெக்டர் போட்டாலும் பயனில்லை.

முதல் ஆறுக்கும் ஆகும் செலவு, ஒரு இன்ஜெக்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் முதலில் கை வைப்பது இன்ஜெக்டரில்தான். ஏன் என்று பில்லைப் பார்த்தால் புரியும்.

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு

மலிவானதில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். ஃபில்டர், தண்ணீர், பேட்டரி, ஹீட்டர் ப்ளக். அடுத்தது ஸ்கேனர். அதில் எச்சரிக்கை விளக்கின் கோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றுகிறவரை நம்பாதீர்கள். ஈசியூ கேட்கிற ரெயில் அழுத்தம் எவ்வளவு, உண்மையில் இருப்பது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த அளவும் தெரியும். மூன்று பூஜ்யத்தை ஒட்டி இருந்து ஒன்று மட்டும் தனியாக நின்றால் சந்தேகம் அந்த சிலிண்டர் மேல். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. கம்ப்ரஷன் குறைந்தாலும் இதே எண் இப்படித்தான் காட்டும்.

அப்புறம் ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் நாலு சின்னக் குழாய், நாலு பாட்டில். சில நிமிஷம் இன்ஜின் ஓடட்டும். எந்தப் பாட்டில் மட்டும் மடமடவென்று நிறைகிறதோ அங்கே கசிவு. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் வேண்டாம், பி.காம். போதும் :-) சில இன்ஜின்களில் ரிட்டர்ன் குழாய் மேல்மூடிக்கு உள்ளே இருப்பதால் இப்படிச் செய்ய முடியாது. கழற்றி பெஞ்சில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு துப்பு: காலைக் குளிரில் மட்டும் தகராறு என்றால் ஹீட்டர் ப்ளக், பேட்டரி, காற்று என்று தேடுங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டி, டீ குடித்துவிட்டு வந்து சாவி போட்டால் தகராறு என்றால் ரிட்டர்ன் கசிவைச் சந்தேகியுங்கள். சூட்டில் டீசல் இளகும், தேய்ந்த இடத்தில் அதிகமாக ஓடிவிடும், அழுத்தம் ஏறாது.

கடைசியில்தான் கழற்றுவது, பெஞ்ச் டெஸ்ட் எடுப்பது. வெவ்வேறு அழுத்தங்களில் எவ்வளவு தூவுகிறது, எவ்வளவு திரும்புகிறது, எது அளவுக்குள், எது வெளியே என்று எண்ணாகத் தாளில் வரும். அதுதான் நான் சொல்லும் சோதனைச் சீட்டு.

என் வண்டி விவகாரம்

என்னுடையது 2010 மாடல். 2025-இல் ஃபிட்னஸ் பார்த்து ஆர்சியை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. டீக்கடையில் நிறுத்திக் கிளம்பும்போதெல்லாம் ஐந்தாறு தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது, ஐட்லிங்கில் உதறல் வேறு. ஒரு பட்டறையில் நாலு இன்ஜெக்டருக்கும் லேபரோடு சேர்த்து 84,000 ரூபாய் என்றார்கள். ரிப்போர்ட் கேட்டேன். "இருபது வருஷ அனுபவம் சார், இதுக்கு எதுக்கு ரிப்போர்ட்?" என்றார் சூப்பர்வைசர். என் மேஜைக்கு வரும் கடன் விண்ணப்பக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

வண்டியை வாடி பக்கம் லாரிக்காரர்கள் போகும் ஒரு பம்ப்-நாசில் கடைக்குக் கொண்டுபோனேன். நாலுக்கும் சேர்த்து டெஸ்ட் கூலி 2,400. மூன்றாவது இன்ஜெக்டரில் மட்டும் ரிட்டர்ன் பல மடங்கு. மற்ற மூன்றும் அளவுக்குள். மூன்றாவதுக்கு வால்வும் நாசிலும் புதிது, நாலுக்கும் புதுக் காப்பர் வாஷர், டீசல் ஃபில்டர். உதறலுக்குக் காரணம் இன்ஜெக்டரே இல்லை, இன்ஜின் மவுன்டிங் ரப்பர் கிழிந்திருந்தது! எல்லாம் சேர்த்து 23,000-க்குள் முடிந்தது. நாலையும் மாற்றியிருந்தால் 84,000 போயிருக்கும், உதறல் அப்படியே இருந்திருக்கும்.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

"ஒண்ணு போனா மத்ததும் போயிடும் சார்." போகலாம். நாலும் எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சீட்டு சொன்னால் நாலையும் சேர்த்தே செய்யுங்கள், இரண்டாவது தடவை கழற்றும் கூலி மிச்சம். அதை அந்த எண் சொல்லட்டும். வாய் சொல்ல வேண்டாம்.

"எல்லாம் டீசல் சரியில்லாததுதான்." 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 6 டீசல், கந்தகம் 10 பிபிஎம்தான். கந்தகத்தை எடுக்கும்போது இயற்கையான மசகுத் தன்மையும் குறைவது உண்மை. அதற்காகவே மசகுத் தன்மைக்குத் தரக் கட்டுப்பாட்டில் தனி வரம்பு இருக்கிறது. குறிப்பிட்ட பங்க் மேல் சந்தேகம் இருந்தால் அங்கேயே அடர்த்திச் சோதனை கேட்கலாம். பெட்ரோல் வேன்காரர்களுக்கு இப்போது கிடைத்திருக்கும் சாக்கு எத்தனால். 20 சதவீதக் கலப்பு 2025-இல் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் ஆம்னியோ ஈகோவோ மிஸ்ஃபயர் ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க் ப்ளக், காயில்.

"இந்த பாட்டிலை டேங்கில் ஊத்துங்க, சரியாயிடும்." முனையில் படிந்த கரி கொஞ்சம் கரையலாம். தேய்ந்த வால்வு வளராது.

"பழைய வண்டி, வித்துடுங்க." புது வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்!

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், ஆரம்பம் ஒரு தனி மனிதர் கொடுத்த புகார். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' தளம் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவை தருபவர் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். ஆனால் கேட்காதவனுக்கு எந்தச் சட்டமும் தானாக வந்து உதவாது.

கடைசியாக, நம் ஆட்களுக்கும் ஒரு குட்டு

மெக்கானிக்கை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி நியாயம். வீட்டுக் கடனுக்கு வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டுகிற அதே ஆள், பட்டறையில் "சும்மா பாக்கறதுக்கு ரெண்டாயிரமா?" என்று சண்டை போடுகிறார். கண்டுபிடிக்கும் வேலைக்குக் காசு கிடையாது, பாகம் மாற்றினால்தான் காசு என்று நாமே விதி வைத்தால், அவர் பாகத்தைத்தான் மாற்றுவார். அரை நாள் உட்கார்ந்து யோசித்து "சார், இன்ஜெக்டர் நல்லாயிருக்கு, ரப்பர்தான் போச்சு" என்று சொல்லும் மெக்கானிக்குக் கிடைப்பது முந்நூறு ரூபாய். யோசிக்காமல் நாலையும் மாற்றுகிறவருக்குக் கிடைப்பது பல ஆயிரம். இதில் நேர்மை எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே மக்களே, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னாலேயே வண்டியைக் காட்டுங்கள். பட்டறையில் இந்த மூன்று வாக்கியம் போதும். "பஹலே டெஸ்ட் கரோ, டெஸ்ட் கா பைஸா தூங்கா" (முதலில் சோதனை, அதற்குக் காசு தருகிறேன்). "ரிப்போர்ட் திகாவோ" (சீட்டைக் காட்டு). "புரானா பார்ட் வாபஸ் சாஹியே" (பழைய பாகம் திரும்ப வேண்டும்). ஹிந்தி உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள்.

உங்கள் ஊரில் சீட்டுக் கொடுக்கும் நல்ல நாசில் கடை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், நம் ஆட்களுக்கு உதவும்.

டிஸ்கி 1: இன்ஜின் ஓடும்போது டீசல் பைப்பைக் கழற்றுவதோ, எங்கே கசிகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பதோ கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

டிஸ்கி 2: இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷர் புதிதா என்று பாருங்கள், பழையதைப் போட விடாதீர்கள். பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகளில் புது இன்ஜெக்டர் மேல் இருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் ஏற்ற வேண்டும். ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்து டீசல் வாசனை அடித்தால் இன்ஜின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.