கரியமில வாயுவுக்கு விலை: சிறு விவசாயிக்குப் பங்கு உண்டா?

நிலக்கரி, டீசல் முதலியவற்றை எரிப்பதால் வெளிவரும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தை உயர்த்தி வருகிறது. இதைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, புகை விடுவோரிடம் டன்னுக்கு இவ்வளவு என விலை வசூலிப்பதாகும். ஐரோப்பிய நாடுகள் 2005-ஆம் ஆண்டு முதல் ஆலைகளிடமும் மின் நிலையங்களிடமும் இம்முறையைக் கையாண்டு வருகின்றன. 2023 பிப்ரவரியில் அங்கு விலை டன்னுக்கு 100 யூரோவைத் தாண்டியது.

ஒரு நாடு மட்டும் விலை வைத்தால், விலை இல்லாத நாட்டுக்கு ஆலைகள் நகர்ந்துவிடும். ஆகவே நாடுகள் கூடிச் செய்ய வேண்டிய காரியம் இது. டன்னுக்குக் குறைந்தபட்ச விலையாக வளர்ந்த நாடுகளுக்கு 75 டாலர், சீனா போன்றவற்றுக்கு 50, இந்தியா போன்றவற்றுக்கு 25 என்று பன்னாட்டு நிதியத்தின் வல்லுநர்கள் 2021-இல் யோசனை கூறினர். வசதிக்கேற்ற பொறுப்பு என்பது நியாயமே. ஆயினும் உலக நாடுகள் இதை ஒப்பந்தமாக ஏற்கவில்லை. ஐரோப்பாவோ, இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் ஆகியவற்றின் மீது 2026 ஜனவரி முதல் தானே கட்டணம் விதித்துள்ளது.

இதனால் நம் வயலுக்கு என்ன? இரண்டு உண்டு. முதலாவது செலவு. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது; உழவுக்கும் இறைப்புக்கும் டீசல் தேவை. கரிக்கு விலை வந்தால் இவற்றின் அடக்கவிலை ஏறும்.

இரண்டாவது வரவு. நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு வெளிவருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கிய பின் மீண்டும் பாய்ச்சினால் (பூக்கும் தருணம் தவிர), அது ஏறத்தாழ பாதியாகக் குறையும். 110 நாள் பயிரில் ஏக்கருக்குச் சுமார் அரை டன் கரியமில வாயுவுக்கு ஈடான மிச்சம் இது. டன் 25 டாலர் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அளவீட்டுச் செலவும் தரகும் போக மிஞ்சுவது சொற்பமே. தண்ணீர் மிச்சமே உடனடி லாபம்.

ஆகவே என் கருத்து இது. நாடுகள் கூடி விலை வைப்பதை நாம் வரவேற்கலாம். ஆனால் வரவு வரும் வழி திறக்குமுன் செலவு வரும் வழியைத் திறக்கலாகாது. வசூலாகும் தொகையில் ஒரு பங்கு, உரச் செலவை ஈடுசெய்யவும் பாசனச் சீரமைப்புக்கும் சிறு விவசாயிக்குத் திரும்ப வேண்டும்.

கணக்கும் உண்மையாக இருக்க வேண்டும். சீனாவின் 37 நெல் திட்டங்களை வெர்ரா என்னும் சான்றளிப்பு நிறுவனம் 2024-இல் நிராகரித்தது. பொய்க் கணக்கு, உண்மையாக உழைத்தவனின் விலையையும் கெடுத்துவிடும்.

கரிக் கடன் ஒப்பந்தம் என்று எவரேனும் வந்தால், தனித்தனியே கையெழுத்திட வேண்டாம். உழவர் குழுவாகவோ கூட்டுறவுச் சங்கம் மூலமாகவோ சேருங்கள். எத்தனை ஆண்டு, யாருக்கு எவ்வளவு பங்கு, அளப்பவர் யார் என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்குவது அவசியமாகும்.