கையால் செய்த பொங்கல் வாழ்த்து

பொங்கல் வருகிறது என்றால், ஒரு காலத்தில் தபால்காரர் முதலில் வருவார். அவர் பை நிறைய வாழ்த்து அட்டைகள் இருக்கும். கரும்பு, பானை, காளை மாடு, சினிமா நடிகர் என்று விதவிதமான படங்கள்! வந்த அட்டைகளைப் பத்திரமாக எடுத்துவைத்துப் பார்த்து மகிழ்ந்த குடும்பங்கள் ஏராளம்.

இன்று செல்போனில் படம் வருகிறது. ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. மறுநாள் அது அழிக்கப்படுகிறது.

அந்த அட்டைக்கு மீண்டும் உயிர் கொடுக்க ஏற்ற இடம் ஒன்று உண்டு. அது ஒரகடம் வட்டாரம்.

தாய்க்குத் தேவை என்ன?

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெண் தொழிலாளர்களுக்காகப் பெரிய விடுதி திறக்கப்பட்டது. அதில் 18 ஆயிரத்து 720 பேர் தங்கலாம்.

வெளியூர்களில் இருந்து வந்து உழைக்கும் பெண்கள், மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். பணம் வங்கியில் சேர்ந்துவிடுகிறது. ஆனால், மகளின் கையெழுத்து வீடு வந்து சேருவதில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்குப் பெரிய கடிதம் தேவை இல்லை. "அம்மா" என்ற மூன்று எழுத்துப் போதும். அதை அவள் நூறு முறை எடுத்துப் பார்ப்பாள்.

பக்கத்திலேயே பல நாடுகள்

இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ம் ஆண்டு கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும், 2012-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் லாரி தொழிற்சாலையும் திறக்கப்பட்டன.

அந்த நாடுகளின் எந்திரங்களை நம் பிள்ளைகள் அறிவார்கள். அவர்களின் கைவேலையையும் அறியவேண்டாமா?

ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்து அட்டைக்குத் தனி மதிப்பு உண்டு. டிசம்பர் 25-ந் தேதிக்குள் தபாலில் சேர்த்தால், ஜனவரி 1-ந் தேதி வீடு தேடி வரும். ஆண்டுக்கு ஒரு மிருகம் என்று 12 மிருகங்கள் முறை வைத்து அட்டையில் இடம் பெறும். 2021-ம் ஆண்டு மாட்டின் ஆண்டு! அங்கும் இப்போது இந்த வழக்கம் குறைந்து வருகிறது என்றாலும், அடியோடு மறையவில்லை.

அந்த அட்டைக்கு ஜப்பானியர் அச்சு செய்வது எதில் தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்கில்!

பொங்கல் சந்தையில் கரும்பு, மஞ்சளோடு விற்கும் அதே கிழங்குதான். அதைக் குறுக்கே வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பேனாவால் படம் வரைந்து, படம் மட்டும் மேடாக நிற்கும்படி சுற்றிலும் செதுக்கவேண்டும். மேட்டில் வர்ணம் தடவி அட்டையில் அழுத்தினால் படம் விழும். எழுத்து செதுக்கினால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி விழும். ஆகவே வாழ்த்தைக் கையாலேயே எழுதலாம்.

ஜெர்மனியில் கறுப்புத் தாளை மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டுவார்கள். கொரியாவில் கோவில், அரண்மனைகளின் கூரை அடியில் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து வர்ணங்களில் சித்திரம் தீட்டுவார்கள். அந்த ஐந்து வர்ணங்களால் அட்டைக்குக் கரை போடலாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமே அட்டைக்குப் போதும்.

முறை அவர்களுடையது, படம் நம்முடையது

பிறர் கலையைக் கற்பதில் இழுக்கு இல்லை. ஆனால், அப்படியே நகல் எடுப்பதால் பெருமையும் இல்லை. கிழங்கு அச்சில் பொங்கல் பானையைச் செதுக்கலாம். கறுப்புத் தாளில் அம்மா போடும் கோலத்தை வெட்டலாம். "இது ஜப்பானியரிடம் கற்றது" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுவது, கற்றுக் கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை.

வேலை முடிந்து வருபவர்களுக்கு இதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். அரை மணி நேரம் போதும். விடுதிகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கத்தரிக்கோலும் வர்ணமும் வாங்கி வைத்தால் நான்கு தோழிகள் சேர்ந்து செய்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பெற்றோர் சொல்லிக் கொடுக்கலாம்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே தபால் பெட்டியில் சேர்த்துவிடவேண்டும். லீவு கிடைக்காத மகளால் பொங்கலுக்கு வீட்டுக்கு வர முடியாமல் போகலாம். அவள் கையெழுத்தாவது வந்து சேரட்டும்!