ஷீபிலீவ்ஸ் கோப்பை: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஷீபிலீவ்ஸ் கோப்பை, பெண்கள் தேசிய அணிகளுக்காக அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2016 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் அழைப்புப் போட்டி. அமெரிக்க அணியோடு, அழைக்கப்பட்ட மூன்று நாட்டு அணிகள் ஆடுவது வழக்கம். பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில், வீராங்கனைகளை நாட்டு அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா கிளப்புகளுக்கு விதித்துள்ள நாட்களில் போட்டி நடக்கும். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றையும் ஒருமுறை சந்திக்கும். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. தனியாக இறுதியாட்டம் கிடையாது. 2024-இல் மட்டும் அரையிறுதி, இறுதி என்று மாற்றி வைத்தார்கள். பெரும்பாலும் ஒரே மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும். ஒரு டிக்கெட்டில் நான்கு நாட்டு அணிகளைப் பார்த்துவிடலாம்.

இதற்கு முன்பு அமெரிக்கப் பெண்கள் அணி குளிர்காலத்தின் கடைசியில் போர்ச்சுகல் போய் அல்கார்வே கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தது. அதே தரத்தில் ஒரு போட்டி சொந்த ஊரிலேயே இருக்கட்டும் என்று 2016-இல் ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ் மூன்றையும் வரவழைத்தார்கள். ‘அவள் நம்புகிறாள்’ என்ற பொருள் தரும் இந்தப் பெயர், 2015 உலகக் கோப்பையையொட்டிச் சிறுமிகளை முன்வைத்து நடந்த பிரசாரத்திலிருந்து வந்தது. 2025 வரை நடந்த பத்துப் போட்டிகளில் அமெரிக்கா ஏழு முறை வென்றது. 2017-இல் பிரான்சும், 2019-இல் இங்கிலாந்தும், 2025-இல் ஜப்பானும் கோப்பையைக் கொண்டுபோயின.

கோப்பை ஊர் ஊராகச் சுற்றும். அப்படிச் சுற்றியதில் தமிழர்கள் அடர்ந்து வாழும் ஊர்களின் வாசலுக்கே பலமுறை வந்திருக்கிறது. நியூஜெர்சியின் ஹாரிசனுக்கு 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளிலும், டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்கு 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் வந்தது. 2025 பிப்ரவரி 20 அன்று ஹூஸ்டனில் அமெரிக்கா கொலம்பியாவை 2-0 என்று வென்றது. எடிசனிலிருந்தோ ஜெர்சி சிட்டியிலிருந்தோ ஹாரிசனுக்குப் போவது பெரிய பயணமே இல்லை. ஃபிரிஸ்கோ தமிழருக்கு அது உள்ளூர் மைதானம். மளிகை வாங்கப் போகும் வழியில் கண்ணில் படுவது. இருந்தும் வார இறுதி தவறாமல் மகளைப் பிராக்டிஸுக்கு அழைத்துப் போகிற தமிழ்க் குடும்பங்களில் மிகப் பல இந்த ஆட்டங்களுக்குப் போனதில்லை. இந்த மூன்று வட்டாரங்களிலும் பெண் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் சிலர் சேர்ந்து இந்த வேண்டுகோளை முன்வைப்பதற்கு அதுதான் காரணம்.

தமிழர் அடர்ந்து வாழும் வட்டாரங்களில், பத்தாண்டுகளில் 2025 வரை இந்தக் கோப்பை எட்டிப் பார்க்காத ஒன்று கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி. ஆனால் பெண்கள் கால்பந்தின் வரலாற்றில் அந்த வட்டாரத்துக்கு உள்ள இடம் சிறியதல்ல. 1999 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தபோது, பெண்கள் ஆட்டத்துக்குச் சிறிய மைதானங்களே போதும் என்ற பேச்சு இருந்தது. அமைப்புக் குழுவின் தலைவி மார்லா மெஸ்ஸிங் அதை ஏற்காமல் பெரிய மைதானங்களையே பிடித்தார். வீராங்கனைகள் ஊர் ஊராகப் போய்ச் சிறுமிகளோடு பந்து ஆடி டிக்கெட் விற்க உதவினார்கள். ஜூன் 19 அன்று நியூஜெர்சியின் ஜயன்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 78,972 பேர். டென்மார்க்கை அமெரிக்கா 3-0 என்று வென்றது. ஜூலை 4, நாட்டின் சுதந்திர தினம்; அன்று வளைகுடாப் பகுதியின் ஸ்டான்ஃபோர்ட் மைதானத்தில் பிரேசிலுடன் அரையிறுதி. ஐந்தாவது நிமிடத்தில் சிண்டி பார்லோ தலையால் முட்டி முதல் கோல் போட்டார். அன்று கூடியவர்கள் 73,123 பேர். இறுதியாட்டத்தில் சீனாவுக்கு எதிராகக் கடைசிப் பெனால்ட்டியை அடித்த பிராண்டி சாஸ்டைன் அதே வட்டாரத்துச் சான் ஹோசேக்காரர்.

சிண்டி பார்லோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இருபது ஆண்டுகள் கழித்து அது ஃபிரிஸ்கோ கதையில் திரும்ப வரும்.

2019 மார்ச் 8, உலகப் பெண்கள் தினத்தன்று, அமெரிக்க அணியின் 28 வீராங்கனைகள் சம ஊதியம் கேட்டுத் தங்கள் கூட்டமைப்பின் மீதே வழக்குத் தொடர்ந்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2020 மார்ச் 8 அன்று, ஹாரிசனில் ஸ்பெயினுடன் ஷீபிலீவ்ஸ் ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் ஜூலி அர்ட்ஸ் தலையால் போட்ட ஒரே கோலில் அமெரிக்கா வென்றது. அடுத்த ஆட்டத்துக்கு அணி ஃபிரிஸ்கோ போய்ச் சேர்வதற்குள், கூட்டமைப்பின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கொடுத்திருந்த மனுவின் வாசகம் வெளியே வந்துவிட்டது. ஆண்கள் அணியின் வேலைக்கு அதிகத் திறமை தேவை என்பது அதன் சாரம். நான்கு உலகக் கோப்பைகளை வென்ற அணியைப் பற்றிச் சொந்தக் கூட்டமைப்பே எழுதிக்கொடுத்த வார்த்தை அது.

மார்ச் 11 அன்று ஜப்பானுடன் ஆட வந்த வீராங்கனைகள் பயிற்சிச் சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு களத்தில் வரிசையாக நின்றார்கள். கூட்டமைப்பின் சின்னம் மறைந்துபோனது. நான்கு உலகக் கோப்பைகளைக் குறிக்கும் நட்சத்திரங்கள் மட்டும் தெரிந்தன. ஆட்டத்தில் 3-1 என்று வென்று கோப்பையையும் வாங்கினார்கள். மறுநாள் கூட்டமைப்பின் தலைவர் கார்லோஸ் கோர்டேரோ பதவி விலகினார். அவர் மும்பையில் பிறந்தவர் என்பது இந்தியர்களுக்கு ஒரு கூடுதல் தகவல், பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் வழியில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே மார்ச் 11-தான். அதனால் ஃபிரிஸ்கோவில் நடந்தது பலரின் கவனத்துக்கு வராமலே போயிற்று.

துணைத் தலைவராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர் சிண்டி பார்லோ கோன், ஸ்டான்ஃபோர்டில் முதல் கோல் போட்ட அதே பார்லோ. கூட்டமைப்பின் முதல் பெண் தலைவரும் அவர்தான். 2022 பிப்ரவரி 22 அன்று 2.4 கோடி டாலருக்கு வழக்குச் சமரசமானது. மறுநாள் இரவு, உறையவைக்கும் குளிரில், அதே ஃபிரிஸ்கோவில் ஐஸ்லாந்தை அமெரிக்கா 5-0 என்று வென்றது. சில மாதங்களில் ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் ஒரே சம்பள ஒப்பந்தம் வந்தது. உலகக் கோப்பைகளில் இரு அணிகளும் ஈட்டும் பரிசுப் பணத்தைச் சேர்த்துப் பகிர்வது என்பதும் அதில் உண்டு. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சம்பளம் என்று வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பாடம் கிடைக்காது. அந்த மைதானம் அடுத்த தெருவில் இருக்கிறது.

இந்தப் போராட்டத்துக்குப் பின்புலமாக நின்றது ஆட்டம் பார்க்க வந்த கூட்டம். மைதானம் நிறையாமல் இருந்திருந்தால், வருமானக் கணக்கைக் காட்டி வாதாட வீராங்கனைகளால் முடிந்திருக்காது. 1999-இல் 32 ஆட்டங்களையும் ஆறரை லட்சம் பேருக்கு மேல் நேரில் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த சிறுமிகள்தான் பின்னால் அணிகளை நிரப்பினார்கள். 2015 இறுதியாட்டத்தின் முதல் 16 நிமிடங்களுக்குள் மூன்று கோல் போட்ட கார்லி லாய்ட் நியூஜெர்சியின் டெல்ரான் ஊர்க்காரர். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹெதர் ஓ’ரைலி வளர்ந்தது ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். எடிசன் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இன்று ஆடுவதும் அந்தப் பக்கத்துப் புல்வெளிகளில்தான்.

புலம்பெயர்ந்தவர் வீட்டுப் பெண்ணுக்கு இது எட்டாத உயரம் என்று நினைப்பவர்கள் நவோமி கிர்மாவைப் பார்க்க வேண்டும். சான் ஹோசேயில் எத்தியோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எத்தியோப்பியக் குடும்பங்கள் வார இறுதிகளில் கூடிப் பழகவும், பிள்ளைகள் பந்து ஆடவும் அவருடைய தந்தை முன்னின்று ஒரு குழுவை நடத்தினார். நவோமி பந்தை முதலில் தொட்டது அங்கே. பிறகு ஸ்டான்ஃபோர்ட், தேசிய அணி, 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். 2025 ஜனவரியில் லண்டனின் செல்சி கிளப் அவரைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பெண்கள் கால்பந்தில் ஒரு வீராங்கனைக்குக் கைமாறிய தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதல் முறை. பொங்கல் விழாவுக்கும் தீபாவளிக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் திரட்டிவிடும் தமிழ்ச் சங்கங்களுக்கு, அந்த எத்தியோப்பியக் குழு செய்ததைச் செய்ய ஆள்பலம் குறைவில்லை.

தமிழ் மண்ணிலும் பெண்கள் கால்பந்து புதிதல்ல. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தேசிய சீனியர் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் கொண்டுவந்தது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2025 ஜூலை 5 அன்று இந்தியா தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்று ஆடி இந்திய அணி அங்கே நுழைந்தது அதுவே முதல் தடவை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்திய அணியில் ஆட இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை போதாது. ஆகவே அமெரிக்கக் குடியுரிமையோடு வளரும் தமிழ்ப் பெண்ணுக்கு முன்னால் இருக்கும் தேசிய அணி அமெரிக்காவுடையதுதான்.

கிரிக்கெட் என்றால் நிலைமை வேறு. டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் நாளில் கிராண்ட் பிரெய்ரி மைதானத்தில் மஞ்சள் சட்டைக் கூட்டத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. அதில் தவறொன்றும் இல்லை. அந்தக் கூட்டத்தில் கால்வாசி ஃபிரிஸ்கோ பக்கம் திரும்பினால்கூடப் போதும்.

பெற்றோர் குழு கேட்பது பெரிய காரியம் அல்ல. கோப்பையின் ஊர்களும் நாட்களும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. உள்ளூர் ஆட்டம் என்று தெரிந்தவுடன் தமிழ்ச் சங்கங்கள் குழுவாக டிக்கெட் வாங்க முன்வர வேண்டும். பொங்கல் விழாத் தேதியைக் குறிக்கும்போது ஆட்ட நாளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பிப்ரவரிவரை நீளும் நம் பொங்கல் விழாக்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், ஆட்டத்துக்காக ஒரு வகுப்பைத் தவறவிடும் பிள்ளையைக் குற்றவாளியாக்காமல், அந்தப் பாடத்தை வேறு நேரத்தில் முடிக்க இடம் தர வேண்டும். ‘தமிழா, பந்தா’ என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டில் ஒன்று நிச்சயம் போகும்.

அதைவிட முக்கியம், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெண்ணை ஆட்டத்திலிருந்து நிறுத்தாமல் இருப்பது. படிப்பு, அரங்கேற்றம், வெயிலில் கறுத்துவிடுவாள் என்ற பாட்டியின் கவலை என்று காரணங்கள் பல. கடைசிக் காரணத்தை இனியாவது வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளியூர் போய் ஆடும் டிராவல் டீமுக்கு ஆகும் செலவு சில குடும்பங்களுக்கு மெய்யாகவே பாரம். அவர்களுக்கு உள்ளூரிலேயே பொழுதுபோக்காக ஆடும் ரெக் லீக் இருக்கிறது. அது ஓடுவது பெற்றோரின் உழைப்பில். அப்பாக்கள் மட்டுமன்றி அம்மாக்களும் பயிற்சியாளராக முன்வர வேண்டும். தொடக்கநிலைச் சான்றிதழுக்கான பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆடுவதை விட்டுவிட்ட பெண்கள்கூடப் பதின்ம வயதிலேயே நடுவராகலாம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளமும் வரும்.

கோப்பை வராத மாதங்களில் அமெரிக்கப் பெண்கள் லீக் ஆட்டங்கள் உண்டு. ஹாரிசனில் காத்தம் எஃப்.சி., ஹூஸ்டனில் டாஷ், சான் ஹோசேயில் பே எஃப்.சி. பே எஃப்.சி.யைத் தொடங்கிய நான்கு முன்னாள் வீராங்கனைகளில் சாஸ்டைனும் ஒருவர். 2025 நவம்பரில் காத்தம் லீக் பட்டம் வென்ற இறுதியாட்டம் சான் ஹோசேயில்தான் நடந்தது. 2031 பெண்கள் உலகக் கோப்பையை நடத்த அமெரிக்கா, மெக்ஸிகோ, கோஸ்டா ரிகா, ஜமைக்கா சேர்ந்து கொடுத்த விண்ணப்பத்துக்கு எதிர் விண்ணப்பமே இல்லை. இன்று ரெக் லீக்கில் ஷின் கார்டு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அப்போது பெரிய பெண்களாகியிருப்பார்கள்.

ஹாரிசன் மைதானத்துக்கு கார்கூட வேண்டாம். ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்குயரில் பாத் ரயில் ஏறினால் ஹாரிசனில் இறங்கி நடந்தே போய்விடலாம். அடுத்த ஆட்டத்துக்கு மகளோடு மகனையும் அழைத்துச் செல்லும்படி தமிழ்ப் பெற்றோரை இக்குழு கேட்டுக்கொள்கிறது.