வாளுக்கு வணங்காத ஊர்

தென்னமெரிக்காவின் வடபுறத்துள்ள கொலம்பிய நாட்டில், கார்த்தகேனாத் துறைமுக நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கல் தொலைவில், மரியா மலைத்தொடரின் அடியில், 'சான் பசிலியோ தெ பலெங்கே' என்னும் சிற்றூர் உளது. 'பலெங்கே' என்பதற்கு மரக்கழிகளால் வேலியிட்ட அரண் என்பது பொருள். ஆப்பிரிக்காவினின்று கப்பலேற்றிக் கொணரப்பெற்று, மாடுகளைப்போல் விற்கப்பட்ட மக்கள், தளையறுத்துக் காட்டினுட் புகுந்து அமைத்துக்கொண்ட அரண்களின் வழிவந்தது இவ்வூர்.

இவ்வூரார் தம் முதல்வராகப் போற்றும் பெங்கோசு பியோகோவை எசுப்பானிய ஆட்சி 1621-இல் தூக்கிலிட்டுக் கொன்றது. ஆயினும் அரண்கள் அடங்கவில்லை. படைவிடுத்தும் அழிக்கவியலாத பேரரசு, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆயர் கசியானி இடைநிற்க இம்மக்களோடு உடன்பாடு செய்து அவர்தம் விடுதலையை ஒப்பியது. கொலம்பிய அரசோ அடிமைமுறையை ஒழிக்க 1851-இல்தான் சட்டஞ் செய்தது. நாடு விழிப்பதற்கு ஒரு நூற்றாண்டிற்கும் முன்னரே இச்சிற்றூர் விடுதலை பெற்றிருந்தது!

இங்ஙனம் வாளுக்கு வணங்காத ஊர், பின்னர் எதற்கு வணங்கிற்று? அண்டையூராரின் எள்ளல் நகைப்பிற்கு! பெருஞ்சாலையோரத்து மலகானாவும் சூழவுள்ள பிறவூர்களும் எசுப்பானியம் பேசுவன. பலெங்கே மக்களோ தமக்கென ஒரு தனிமொழி உடையர். கரும்பாலைக்குக் கூலி தேடிச் சென்ற ஆடவரும், தலையிற் பழக்கூடை சுமந்து நகர்த்தெருக்களில் விற்ற பெண்டிரும் வாய்திறந்தபோது, 'இது சிதைந்த எசுப்பானியம்' என வெளியூரார் நகைத்தனர். நாணிய பெற்றோர் தம் மக்களிடத்து எசுப்பானியமே பேசலாயினர். படையால் ஆகாதது பழிப்பால் ஆயிற்று.

அது சிதைவன்று, தனிமொழியே என்பதை 1970-இல் பிக்கர்ட்டன், எசுக்கலாந்தே என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று. அதன் சொற்களுட் பெரும்பாலன எசுப்பானியத்தினின்று வந்தனவே. எனினும் பன்மை காட்டும் 'மா' என்னும் முன்னொட்டும், மாட்டைக் குறிக்கும் 'ங்கோம்பே' போன்ற சொற்களும் ஆப்பிரிக்கக் கிகொங்கோ மொழியின. மறுப்புச்சொல் தொடரின் இறுதியில் நிற்றலும் எசுப்பானியத்திற்கு இல்லாத இயல்பு. 1980-களில் இளைஞரும் ஆசிரியரும் அம்மொழியைப் பள்ளிக்குள் கொணர்ந்தனர். 1991-ஆம் ஆண்டின் அரசமைப்பு, இனமக்களின் மொழிகளுக்கு அவரவர் நிலப்பகுதியில் ஆட்சிமொழி உரிமை அளித்தது. 2005-இல் இவ்வூர்ப் பண்பாட்டை யுனெசுகோ மாந்தர் மரபுச் செல்வமென அறிவித்தது. நேற்று நாணிய ஊர் இன்று நிமிர்ந்து நிற்கின்றது.

'கலப்பு மொழியைத் தனித்தமிழ் அன்பர் போற்றுவது முரணன்றோ?' எனச் சிலர் வினவக்கூடும். முரணன்று. அம்மக்கள் விரும்பிக் கலந்தவரல்லர். பல்வேறு இனத்தாரோடு ஒரே கப்பலில் அடைக்கப்பட்டு, தாய்மொழி பறிக்கப்பட்டவர். அந்நிலையிலும் எஞ்சிய தாய்ச்சொற்களை விடாது பற்றி, தமக்கென ஒரு மொழியைக் கட்டிக்கொண்டனர். தமிழனுக்கோ எவனும் விலங்கு பூட்டவில்லை. ஈராயிரம் ஆண்டு இலக்கியமும் குறைவற்ற சொல்வளமும் அவன் வீட்டிலேயே உள. அவற்றை விடுத்து, வீட்டிலும் கடையிலும் மேடையிலும் தானே வலிந்து அயற்சொல்லை அள்ளிக் கொட்டுகின்றான். தூயதமிழ் பேசுவானைக் கண்டு நகைக்கின்றான். பலெங்கேயை நகைத்தவர் வெளியூரார். தமிழை நகைப்பவனோ உள்ளூரான்!

பலெங்கே உணர்த்தும் பாடம் இரண்டு. கால்விலங்கு ஒடிந்தும் நாவிலங்கு எஞ்சுமாயின் விடுதலை முற்றுப்பெறாது. எள்ளலுக்கு அஞ்சாது பேசத் தொடங்கின், இழந்த நாவும் மீளும். சில ஆயிரவர் வாழும் சிற்றூர்க்கு இயன்றது, பல கோடித் தமிழர்க்கு இயலாதோ? சட்டமும் அரசும் வரும்வரை காத்திராது, ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்குக தூயதமிழ்ப் பேச்சு!