சிறு பணமும் பெரு மலையும்

இமயமலையை ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டுமென்ற ஆசை நம்மவருட் பலருக்கு உண்டு. கேதாரகௌரி விரதம் அனுட்டிக்கும் வீடுகளிலே கேதாரம் என்ற பெயர் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலங்களுள் அதுவும் ஒன்றென்பதைச் சமய பாடத்திற் படித்திருக்கிறோம். ஆயினும், "அங்கெல்லாம் போய்வரப் பணத்துக்கு எங்கே போவது?" என்ற ஒரு கேள்வியோடு அந்த ஆசை அடங்கிவிடுகிறது. பணம் வேண்டியதுதான், ஆனால், நாம் நினைக்குமளவு வேண்டியதில்லை. எவ்வளவு பணம் வேண்டுமென்பதிலும் பார்க்க, எதிலே மிச்சம் பிடிக்கலாம், எதிலே மிச்சம் பிடிக்கலாகாது என்பதை அறிந்துகொள்வதே முக்கியமானது. அதைப்பற்றி இவ்வாரம் சிறிது எழுத எண்ணுகிறேன்.

2022 ஆம் ஆண்டு ஐப்பசியில் நானும் என் நண்பர் ஒருவரும் கார்வால் மலைநாட்டுக்குச் சென்று மீண்டோம். 2000 ஆம் ஆண்டில் அமைந்த உத்தரகண்ட் மாநிலத்தின் மேற்குப் பகுதியே கார்வால். கங்கை பிறப்பது அங்கேதான். நண்பர் கணித ஆசிரியர். ஒரு சதத்தையும் கணக்கெழுதாமல் விடாதவர். புறப்படுமுன் எங்களுக்குள் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். இருவரும் சமமாகக் காசு போட்டு, ஒரே பையிலிருந்து செலவு செய்வது முதலாவது. ஒருவர் வேண்டாமென்று சொல்லும் பெருஞ் செலவை மற்றவர் செய்யாதிருப்பது இரண்டாவது. ஒருவர் களைத்தால் இருவரும் நிற்பது மூன்றாவது. நண்பரோடு பயணம் போக விரும்பும் மாணவர்கள் இம்மூன்றையும் மனத்திற் கொள்வது நல்லது. வழியில் முறியும் நட்புக்களிற் பெரும்பாலானவை காசுக் கணக்கினாலும் களைப்பினாலுமே முறிகின்றன.

சென்னையிலிருந்து டில்லிக்கு 2,100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். புகையிரதத்தில் இரண்டு இரவுகள் கழிந்தன. டில்லியிலிருந்து ஹரித்துவாரத்துக்கு மற்றொரு புகையிரதம். அதற்கடுத்த ரிஷிகேசத்தோடு சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. அங்கே வாடகைக் கார்க்காரர் எங்களைச் சூழ்ந்துகொண்டனர். நண்பர் அவர்களுக்குக் கைகூப்பிவிட்டு, மறுநாள் விடியற்காலையிற் புறப்படும் சாதாரண பஸ்ஸில் இரண்டு இடங்களைப் பிடித்தார்.

ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். ஒரே பஸ்ஸிற் போனால் பகற்பொழுது முழுவதும் செல்லும். நாங்களோ அவசரப்படாமல் அவ்வழியை மூன்று நாட்களாகப் பிரித்துக்கொண்டோம். பஸ்ஸிலே பள்ளிப் பிள்ளைகள் ஏறினர். காய்கறி மூட்டையோடு பெண்கள் ஏறினர். விடுமுறையில் வீடு திரும்பும் இராணுவச் சிப்பாய்களும் ஏறினர். இவர்களோடு முழங்கால் இடிபட அமர்ந்து செல்வதில் உடம்புக்குச் சுகமில்லை. ஆனால், ஒரு நாட்டின் மக்களை அறிய அதைவிடச் சிறந்த வழியும் இல்லை. கைக்காசு குறைவாக இருந்ததனாலேயே அந்த வழி எங்களுக்கு வாய்த்தது.

பாதை தேவப்பிரயாகை வரை கங்கைக் கரையோடும், அதன்பின் அலகநந்தைக் கரையோடும் செல்கிறது. முதலில் வருவது தேவப்பிரயாகை. பாகீரதியும் அலகநந்தையும் கூடுமிடம் அது. கங்கை என்ற பெயரை ஆறு பெறுவதும் அங்கிருந்துதான். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இத்தலமே. இரண்டு ஆறுகளின் நீரும் வேறு வேறு நிறத்தனவாய்ச் சிறிது தூரம் கலவாமலே ஓடுவதைப் படித்துறையில் நின்று பார்த்தோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அடுத்து வருவது ருத்திரப்பிரயாகை. கேதாரத்திலிருந்து இறங்கிவரும் மந்தாகினி அங்கே சேர்கிறது. 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற சிறுத்தையை ஜிம் கோர்பெற் என்ற வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்தியதும் இவ்வூரின் அயலிலேதான். அக்காலத்தில் வழியோரச் சாவடிகளிற் படுத்துறங்கிய யாத்திரிகர்கள் எத்துணை அச்சத்தோடு இரவைக் கழித்திருப்பார்கள்!

அச்சாவடிகளை அந்நாட்டார் சட்டி என்பர். அவை மோட்டார்ப் பாதை வருமுன் இருந்தவை. நடந்துவரும் யாத்திரிகன் சட்டியின் கடைக்காரரிடம் மாவும் பருப்பும் வாங்கினாற் போதும். சமைக்கப் பாத்திரமும் படுக்க இடமும் வாடகையின்றிக் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கறுப்புக் கம்பளி போர்த்த துறவியொருவர் ஊர் ஊராகத் தருமம் திரட்டி இவ்வழியிலே தருமசாலைகள் தோன்ற வழிசெய்தார். காளி கம்பளி பாபா என்று அவரை இன்றும் போற்றுகிறார்கள். அவர் தொடங்கிய நிறுவனத்தின் தருமசாலைகள் பல ஊர்களில் இருக்கின்றன. இத்தகைய தருமசாலைகளிலே நாங்களும் இரண்டு இரவு தங்கினோம். சுத்தமான தரை, ஒரு கட்டில், தடித்த போர்வை ஆகியவையே அங்கே கிடைப்பவை. நாள் முழுவதும் பஸ்ஸிற் குலுங்கியவனுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

உணவிலும் அப்படியே. சுற்றுலாப் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் பெரிய கடைகளை விட்டு, பஸ் சாரதி சாப்பிடும் கடையிற் சாப்பிட்டோம். அங்கே மண்டுவா ரொட்டி கிடைத்தது. மண்டுவா வேறெதுவுமன்று, நம்முடைய குரக்கனே அது. கஹத் என்ற பருப்பும் பரிமாறினார்கள். நண்பர் ஒரு வாய் உண்டுவிட்டு, "இது கொள்ளல்லவா!" என்று வியந்தார். குளிருக்கு உரம் தரும் உணவென்று கடைக்காரர் சொன்னார். அயல் வயலில் விளைந்ததை உண்டால் விலையும் குறைவு. கொடுக்கும் காசும் அவ்வூரிலேயே தங்கும்.

மூன்றாம் நாள் மாலை ஜோஷிமடத்தை அடைந்தோம். ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில், மலைச்சரிவிலே அடுக்கடுக்காக அமைந்த ஊர். ஆதிசங்கரர் நிறுவியதாகச் சொல்லப்படும் நான்கு மடங்களுள் வடதிசை மடம் இங்கேயுள்ளது. முதிய பெண்ணொருவர் தம் வீட்டு அறையொன்றை வாடகைக்கு விடுவதாக அறிந்து அங்கே சென்றோம். கணவரில்லை, மகன் டில்லியில் ஹோட்டலொன்றில் வேலை, வீட்டில் மருமகளும் பேத்தியும் மட்டுமே. அந்நாட்டு ஆண்கள் பிழைப்புக்காகச் சமவெளிக்குப் போக, வீட்டையும் வயலையும் பெண்களே சுமப்பது அங்கு எங்கும் காணும் காட்சி.

கேட்ட வாடகை அதிகமன்று. ஆயினும், நண்பர் தாம் அறிந்த இந்தியில், "கூட்டம் குறைந்த காலமல்லவா? நூறு ரூபாய் குறைக்கலாமே, அம்மா!" என்றார்.

மூதாட்டியார் கோபிக்கவில்லை. "குறைக்கலாம், மகனே. ஆனால், காலையும் மாலையும் சுடுநீர் தர இயலாது. விறகு நான்தான் சுமந்துவர வேண்டும்" என்றார்.

நண்பர் பதில் சொல்லாமல் பையை உள்ளே வைத்தார். மறுநாட் பிற்பகல், முதுகிலே விறகுக் கட்டோடு அம்மூதாட்டியார் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறிவருவதை இருவரும் கண்டோம். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நண்பர் இறங்கிச் சென்று கட்டை வாங்கிக்கொள்ள முயன்றார். கட்டைத் தரவில்லை, "உமக்குச் சுமக்கத் தெரியாது" என்று சிரித்தார்.

அன்றிரவு நண்பர் தமது கணக்குக் கொப்பியைத் திறந்தார். பயணம், உணவு, தங்குமிடம் என்று மூன்று தலைப்புக்கள் அதில் இருந்தன. நான்காவதாக "உழைப்பு" என்று ஒரு தலைப்பை எழுதினார்.

"நீர் பார்த்தீர்தானே? முதல் மூன்றிலும் எவ்வளவும் குறைக்கலாம். அது எம்முடைய சுகம். இதிலே குறைத்தால் அது மற்றவருடைய வயிறு" என்றார்.

சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதனிலும் தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மற்றொரு நாள் பதரிநாதம் சென்றோம். அது 10,000 அடிக்கு மேற்பட்ட உயரம். கோயிலை வணங்கி வெளியே வந்ததும் நண்பருக்குத் தலைவலி கண்டது, உணவும் வேண்டாமென்றார். அங்கே இரவு தங்குவதென்று எண்ணியிருந்தோம். எங்கள் மூன்றாம் விதிப்படி அன்றே கீழே இறங்கிவிட்டோம். உயரத்தினால் வரும் நோய்க்குக் கீழே இறங்குவதே முதல் மருந்து. அதை அலட்சியம் செய்து மேலே ஏறுவோர் உயிரையே இழப்பதுண்டு. வீடு சேர்ந்ததும் மூதாட்டியார் இஞ்சித் தேநீர் காய்ச்சி நண்பருக்குக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜோஷிமடத்துக்கு அண்மையிலே ரேணி என்ற சிற்றூர் உண்டு. 1974 ஆம் ஆண்டு, ஆடவர் ஊரில் இல்லாத நாள் பார்த்து மரம் வெட்ட வந்தவர்களை, கௌரா தேவி என்ற பெண்மணியின் தலைமையில் அவ்வூர்ப் பெண்கள் தடுத்து நின்றனர். மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ இயக்கம் உலகறியப் பரவியது. காடு போனால் மண் சரியும் என்பதை அவர்கள் அனுபவத்திற் கண்டவர்கள். அதே ரேணியின் அயலிலே, 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் நாள் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து பெருவெள்ளமாக வந்தன. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர்.

நாங்கள் வீடு திரும்பிய சில வாரங்களில் மற்றொரு செய்தி வந்தது. 2023 ஆம் ஆண்டு ஜனவரியில் ஜோஷிமடமே தாழ்ந்துகொண்டிருந்தது. 800 க்கு மேற்பட்ட கட்டடங்களிலே வெடிப்புக் கண்டது. பல குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின. ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த இரண்டு ஹோட்டல்கள் இடித்தகற்றப்பட்டன. அவ்வூர் பழைய மண்சரிவின் குவியல்மீது அமைந்தது. பாரமான கட்டடங்களைத் தாங்காது. பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தலும் மரங்களை வெட்டுதலும் ஆகா என்று மிஸ்ரா குழு 1976 ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டிலே கிடந்தது. மாடிகள் மேலே எழுந்தன. கழிவுநீர் முறையாக வடியாமல் மண்ணுக்குள்ளே இறங்கிற்று.

நண்பர் அன்றே தொலைபேசியில் அழைத்தார். மருமகள் பேசினார். சுவரிலே மயிரிழைபோல வெடிப்பு விழுந்திருப்பதாகவும், இரவிலே உறவினர் வீட்டிற் படுத்துறங்குவதாகவும் சொன்னார். பின்னர் மூதாட்டியார் பேசினார். அவர் முதலிற் கேட்டது, "தலைவலி பிறகு வரவில்லையே?" என்பதுதான். ஏதேனும் பணம் அனுப்பட்டுமா என்று நண்பர் கேட்டார். "பணம் வேண்டாம்; வீடு நின்றால் மறுபடி வந்து தங்கிப் போங்கள்" என்றாராம்.

வாசகர்களே, மலைநாட்டுக்குப் போகலாமா, போகாதிருப்பதே நன்றா என்று சிலர் கேட்கக்கூடும். போகத்தான் வேண்டும், அம்மக்களிற் பலருடைய பிழைப்பு யாத்திரிகரை நம்பியே இருக்கிறது. ஆனால், போகும் விதம் ஒன்று உண்டு. வைகாசி, ஆனி மாதங்களிற் பெருங்கூட்டம். தண்ணீருக்கும் இடத்துக்கும் நெருக்கடி. ஆடி, ஆவணியிற் பெருமழை. மண்சரிவினாற் பாதை அடைபடும். புரட்டாசி நடுவிலிருந்து ஐப்பசி முடியும்வரை வானம் தெளிந்திருக்கும்; வாடகையும் குறைவு. தனி வாகனம் வேண்டாம். பொதுப் பஸ்ஸிற் செல்லுங்கள். பல மாடி ஹோட்டலிலும் பார்க்க, ஊரவர் வீட்டு அறையோ தருமசாலையோ மேலானது. நாளுக்கோர் ஊராக ஓடாமல், ஓரிடத்திற் சில நாள் தங்குங்கள். செலவும் குறையும், மனிதரும் பழக்கமாவர். சுடுநீரை அளவோடு செலவு செய்யுங்கள். அது யாரோ ஒருவர் முதுகில் ஏறிவந்தது. கொண்டுபோன பொலித்தீன் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பரீட்சை முடித்த மாணவர் இருவர் ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்தால் இந்தப் பயணம் கைகூடும். கடவுச்சீட்டும் இந்திய விசாவும் முன்னரே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை ஒன்று, நல்ல சப்பாத்து ஒரு சோடி, கணக்கெழுத ஒரு கொப்பி ஆகியன போதும். அந்தக் கொப்பியின் முதற் பக்கத்திலே என் நண்பரின் நான்காம் தலைப்பையும் எழுதிக்கொண்டு புறப்படுங்கள்.